கொக்கியை எங்கே மாட்டுவது?

அன்புள்ள அண்ணாச்சி,

அம்பாசமுத்திரத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். விடுப்பு விண்ணப்பம், அனுபவச் சான்றிதழ், வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் என்று தினமும் ஆங்கிலத்தில் அடித்துக் கொடுக்கிற வேலை. டேஸ், மந்த்ஸ் என்று காலம் வருகிற இடங்களில் எஸ் எழுத்தை ஒட்டிப் போடுகிற அந்த மேல் கொக்கி, அப்பாஸ்ட்ரஃபி, என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. இரண்டு நாள் விடுப்பு என்றால் ஒருவழியாகச் சமாளித்துவிடுவேன். சமீபத்தில் ஒருவர் ‘ஒன்றரை வருட அனுபவம்’ என்று அடிக்கச் சொன்னார். இயருக்குப் போடுவதா, ஹாஃபுக்குப் போடுவதா, இரண்டுக்குமா? அப்போது கடையில் இருந்த தமிழாசிரியர் ஒருவர், “வருடம் என்ன ஆளா, அனுபவத்தைச் சொந்தம் கொண்டாட?” என்று கேட்டுச் சிரித்தார். அவருக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஹாஃபுக்கு மட்டும்தான். ‘எ இயர் அண்ட் எ ஹாஃப்’ஸ் எக்ஸ்பீரியன்ஸ்’. கேட்கக் கொஞ்சம் விநோதமாக இருந்தாலும் இலக்கணப்படி சரி. இரண்டுக்கும் போட்டால் தப்பு.

பெயர்ச்சொல்லோடு எஸ் சேர்த்தால் உடைமை என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. இன்றைய ஆங்கிலத்தில் அந்த எஸ் ஒரு சொல்லுக்கு உரியது அல்ல. தொடர் முழுவதற்கும் உரியது. தொடர் எங்கே முடிகிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ‘தி கிங் ஆஃப் இங்கிலண்ட்’ஸ் கிரவுன்’ என்கிறார்கள். மகுடம் அரசருடையது, எஸ் நிற்பதோ இங்கிலாந்தின் தலையில். இடைக்கால ஆங்கிலத்தில் எஸ்ஸை அரசரோடு சேர்த்து, ‘ஆஃப் இங்கிலண்ட்’ என்பதை மகுடத்துக்கு அப்பால் தள்ளி எழுதுவார்கள். பின்னால்தான் அது தொடரின் கடைசிக்கு நகர்ந்தது.

இது நமக்கு அந்நியமான பழக்கம் இல்லை. ‘இரண்டு வருடம் மூன்று மாத அனுபவம்’ என்று சொல்லிப் பாருங்கள். மாதம் என்பதில் மகரம் போய்விட்டது. வருடம் அப்படியே நிற்கிறது. ‘இரண்டு வருட மூன்று மாத அனுபவம்’ என்று உங்கள் அம்பாசமுத்திரத்தில் யாராவது சொல்வார்களா? கடைசிச் சொல்லை மட்டும் திருத்தினால் போதும் என்பது நம் காதுக்கு எப்போதோ தெரியும். ஆங்கிலத்திலும் அதே கதைதான்: ‘டூ இயர்ஸ் அண்ட் த்ரீ மந்த்ஸ்’ எக்ஸ்பீரியன்ஸ்’. கொக்கி மந்த்ஸுக்கு மட்டும்.

இடத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் எஸ்ஸுக்கு முன்னாலா பின்னாலா என்ற கேள்வி. கடைசிச் சொல் எஸ்ஸில் முடிகிற பன்மையானால் பின்னால், மற்றபடி முன்னால். அதனால் ஒரே ஒன்றரை வருடத்தை இரண்டு விதமாக எழுத வேண்டியிருக்கிறது. ‘எ இயர் அண்ட் எ ஹாஃப்’ என்றால் கடைசியில் ஒருமை, கொக்கி முன்னால். ‘ஒன் அண்ட் எ ஹாஃப் இயர்ஸ்’ என்றால் கடைசியில் பன்மை, கொக்கி பின்னால். இந்த இரண்டாவதில் நடுவிலுள்ள ‘எ’யை விழுங்கிவிட்டு ‘ஒன் அண்ட் ஹாஃப் இயர்’ என்று அடிக்கிறோம். கொக்கியை விட இந்தப் பிழைதான் அதிகம் கண்ணில் படுகிறது. அரை நாள் விடுப்புக்கு ‘ஹாஃப் எ டே’ஸ் லீவ்’. ஓரிரு நாள் தாமதத்துக்கு ‘எ டே ஆர் டூ’ஸ் டிலே’.

ரசமான சிக்கல் முந்தாநாள் பேப்பரில் இருக்கிறது. ‘தி டே பிஃபோர் யெஸ்டர்டே’ஸ் பேப்பர்’. எஸ் ஒட்டியிருப்பது நேற்றோடு. பேப்பரோ நேற்றையது அல்ல. நேற்றைய பேப்பருக்கு முந்தின நாள் என்றும் இதை ஒருவன் வம்புக்குப் பிரித்துப் படிக்கலாம். நமக்கு முந்தாநாள் என்று ஒரே சொல் இருப்பதால் பிழைத்தோம்.

உங்கள் தமிழாசிரியருக்கு வருகிறேன். கேள்வி நியாயமானது. நன்னூல் ஆறாம் வேற்றுமையில் பிறிதின்கிழமை, அதாவது உடையவனிடமிருந்து வேறாக நிற்கிற உடைமை, என்று சொல்கிறதே, அதற்குள் காலமும் உண்டு. உரைகாரர்கள் காட்டும் உதாரணம் ‘மாரனது வேனில்’. அங்கே மாரன் (மன்மதன்) உடையவன், வேனில் உடைமை. ஆங்கிலத்தில் இது தலைகீழாகக் காலம் உடையவன் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறது. ஆனாலும் அது சொந்தம் கொண்டாடவில்லை; அளவு சொல்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு விடுப்பு? இரண்டு நாள் அளவு. அவர் சிரித்தது நம் இலக்கணத்தில் நின்றுகொண்டு. அந்த இடத்திலிருந்து பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்யும்.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். இடையன்குடியில் ஊழியம் செய்த பாதிரியார், ஒப்பிலக்கணம் எழுதி 1856இல் வெளியிட்டாரே கால்டுவெல், திராவிட மொழிகளில் வேற்றுமை உருபு ஒருமைக்கும் பன்மைக்கும் ஒன்றே என்பதை எடுத்துக்காட்டியவர் அவர். நாளின், நாட்களின்: ‘இன்’ மாறவில்லை. ஆங்கிலத்தில் மாறுகிறதா என்றால், பேச்சில் மாறுவதில்லை. டே’ஸ், டேஸ்’ இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒன்றுதான். காகிதத்தில் மட்டுமே வேறுபாடு. அதுவும் பன்மைக்குப் பின்னால் கொக்கி என்பது 18ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. வாயால் சொல்லும்போது வராத பிழைக்குத் தட்டச்சு செய்கிறவரை மட்டும் திட்டுவது எனக்கு எப்போதும் கொஞ்சம் அநியாயமாகவே தோன்றும்.

கடைக்கு உதவுகிறபடி சொல்கிறேன். லீவ், நோட்டீஸ், எக்ஸ்பீரியன்ஸ், ரென்ட் போன்றவை எண்ணிச் சொல்லாத பெயர்கள். அவற்றுக்குக் கொக்கி: ‘டூ டேஸ்’ லீவ்’, ‘ஒன் மந்த்’ஸ் நோட்டீஸ்’, ‘த்ரீ மந்த்ஸ்’ ரென்ட்’. திருவிழா எண்ணக்கூடியது; முன்னால் ‘எ’ வந்துவிடும். அப்போது கொக்கியும் வேண்டாம், எஸ்ஸும் வேண்டாம், சிறு கோடு போதும்: நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழா ‘எ டென்-டே ஃபெஸ்டிவல்’. ‘எ டென் டேஸ் ஃபெஸ்டிவல்’ என்று நோட்டீஸ் அடிக்கச் சொல்லி வருவார்கள். திருத்திவிடுங்கள், காசு கூடக் கேட்காதீர்கள். பயணத்துக்கு இரண்டும் பொருந்தும். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் ‘ஆன் அவர் அண்ட் எ ஹாஃப்’ஸ் ஜர்னி’ என்றும் எழுதலாம்; ‘எ நைன்டி-மினிட் ஜர்னி’ என்றும் எழுதலாம்.

அனுபவச் சான்றிதழில் மட்டும் இலக்கணம் காட்ட வேண்டாம். ‘ஒன் அண்ட் எ ஹாஃப் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று ஆஃப் போட்டு அடித்துக் கொடுங்கள். கொக்கிக்கு இடமே இல்லை. வேலை கேட்டுப் போகிற பையனிடம் அங்கே எவரும் வாதம் செய்ய மாட்டார்கள்.

மருத்துவச் சான்றிதழும் உங்களிடம் வரும் என்பதால் இது: ‘நைன் மந்த்ஸ் பிரெக்னன்ட்’, ‘த்ரீ இயர்ஸ் ஓல்ட்’. பின்னால் வருவது பெயர்ச்சொல் அல்ல, பெயரடை. ஆகவே கொக்கி கிடையாது. ‘டென் இயர்ஸ் அகோ’வுக்கும் கிடையாது. ‘இன் டூ வீக்ஸ்’ டைம்’ என்பதற்கு உண்டு.

அன்புடன்,
அண்ணாச்சி