கேள்வி-பதில்: ஊர் ஒன்று, விமான நிலையம் இரண்டு

கேள்வி: பாரிஸ்-போவே விமான நிலையத்துக்கு மிக மலிவாக டிக்கெட் வாங்கிவிட்டேன். அங்கிருந்து பாரிஸ் நகரம் பக்கம்தானே?

பதில்: இல்லை. சாலை வழி சுமார் 80 கி.மீ. அடுத்த முறை பணம் கட்டுவதற்கு முன் வரைபடத்தைப் பாருங்கள்.

கேள்வி: ஹீத்ரோவில் இறங்கிய மூன்று மணி நேரத்தில் கேட்விக்கில் அடுத்த விமானம். இரண்டும் லண்டன்தான் என்கிறது டிக்கெட் விற்ற தளம். நேரம் போதுமா?

பதில்: போதாது. மாற்ற முடிந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். இடையில் சாலை வழி ஏறக்குறைய 65 கி.மீ. நெரிசல் இல்லாதபோதே பஸ்ஸுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்கு முன் குடியேற்றச் சோதனை, பெட்டிக்காகக் காத்திருப்பு. போய்ச் சேர்ந்ததும் மறுபடி பெட்டியை ஒப்படைத்துப் பாதுகாப்புச் சோதனை. வெளியே வந்துதான் போக வேண்டும் என்பதால், பிரிட்டன் விசா தேவைப்படும் நாட்டவருக்கு அதுவும் வேண்டும். நிலையத்துக்குள்ளேயே விமானம் மாறுவதற்கான விசா இதற்குச் செல்லாது.

இந்த விற்பனை முறைமீது எனக்குப் பல வருடக் கோபம். ஒவ்வொரு நிலையத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. லண்டன், டோக்கியோ போன்ற நகரங்களுக்குப் பொதுக் குறியீடும் உண்டு. சில தளங்கள் நகரத்தின் பெயரைப் பெரிதாகக் காட்டிவிட்டு, நிலையம் மாறுவதைச் சிறிய எழுத்தில் ஒதுக்கிவிடுகின்றன. டோக்கியோவின் நரிட்டா நிலையத்தில் இறங்கி ஹனேடா நிலையத்தில் ஏற, நானும் அப்படி இரண்டு தனி டிக்கெட்டுகள் வாங்கினேன். இடையில் 70 கி.மீ.க்கு மேல் சாலை. முதல் விமானம் தாமதமானது, இரண்டாவது போய்விட்டது. புது டிக்கெட்டை அன்றைய விலைக்கு வாங்கினேன். ஒரே முன்பதிவாக இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டில் அந்தப் பொறுப்பை யாரும் ஏற்பதில்லை.

கேள்வி: லண்டன்-நியூயார்க் போக 8 மணி நேரம், திரும்ப 7 என்கிறார்கள். தூரம் ஒன்றுதானே?

பதில்: தூரம் ஒன்றுதான், சுமார் 5,500 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று வீசுகிறது. திரும்பும்போது அது விமானத்தைத் தள்ளிக்கொடுக்கும்.

கேள்வி: ஐரோப்பாவுக்குள் பறந்த விமானம் தரை தொட்டபோது தாமதம் 2 மணி 56 நிமிடம். கதவு திறந்தபோது 3 மணி 7 நிமிடம். மூன்று மணி நேரம் ஆகவில்லை என்று சொல்லி இழப்பீட்டை மறுக்கிறார்கள்.

பதில்: உங்களை ஏமாற்றுகிறார்கள், விட்டுவிடாதீர்கள். ஒரு கதவாவது திறக்கும் நேரம்தான் வந்து சேர்ந்த நேரம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. 1,500 கி.மீ. வரை 250 யூரோ, அதற்கு மேல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 400. இடையில் விமானம் மாறியிருந்தாலும், புறப்பட்ட இடத்துக்கும் கடைசியாகச் சேர்ந்த இடத்துக்கும் உள்ள நேர்த் தூரம்தான் கணக்கு. தாமதத்துக்குக் கடும் வானிலை போன்ற அசாதாரணக் காரணத்தை அவர்கள் நிரூபித்தால் மட்டுமே தப்பிக்கலாம். இந்த இழப்பீட்டுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘261/2004’ என்ற விதி எண்ணைக் குறிப்பிட்டு எழுத்திலேயே கேளுங்கள். கதவு திறந்த நேரத்தைக் குறித்துவைத்திருந்த உங்கள் கவனம் இப்போது கைகொடுக்கும். பக்கத்து இருக்கைக்காரரின் சாட்சியையும் வாங்கிவையுங்கள்.