ஆடிக் காற்றும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையும்

கேள்வி: உடுமலைப்பேட்டையில் மாடி வீடு, சமையலறை மேற்குப் பக்கம். 9 இன்ச் இரும்பு எக்ஸாஸ்ட் ஃபேன், மூடி எதுவும் கிடையாது. ஆனி பிறந்தால் போதும், சுவிட்ச் போடாமலே ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது, புழுதி வந்து மாவில் விழுகிறது, சிம்மில் வைத்த அடுப்பு இரண்டு முறை அணைந்தே விட்டது. போன வருடம் அட்டை வைத்து அடைத்தேன், மிளகாய் தாளித்த அன்றே பிடுங்கிப் போட்டேன். புது ஃபேன் வாங்கணுமா, மூடி மட்டும் தனியாகக் கிடைக்குமா?

பதில்: தனியாகவே கிடைக்கும், ஃபேன் ஓடுகிற வரைக்கும் அதை மாற்றாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றை நம்பித்தான் உங்கள் ஊரைச் சுற்றிக் காற்றாலை நட்டிருக்கிறார்கள், நீங்கள் சமையலறையிலும் ஒன்று வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

எலெக்ட்ரிக்கல் கடையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஷட்டர் என்று கேளுங்கள், சில இடங்களில் லூவர் என்பார்கள். வரிசையாகத் தொங்கும் தகடுகள்தான். ஃபேன் ஓடும்போது காற்று தள்ளித் திறக்கும், நிறுத்தினால் தன் எடையில் விழுந்து மூடிக்கொள்ளும், வெளியிலிருந்து காற்று அடித்தால் இன்னும் இறுக்கமாக மூடும். கடைக்குப் போகும் முன் துளையை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். 9 இன்ச் என்பது இறக்கையின் அளவு, சுவரில் உள்ள துளை அதைவிடப் பெரிது, இதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். உங்களுக்கு அலுமினியம்தான் சரி, பிளாஸ்டிக் ஷட்டர் மேற்கு வெயிலில் ஒன்றிரண்டு வருடத்தில் மொறுமொறுவென்று உடையும்.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். என் வீட்டில் மாட்டியவர் தலைகீழாக மாட்டிவிட்டுப் போய்விட்டார், தகடுகள் மூடவே இல்லை, நானும் ஒரு வாரம் ஷட்டரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். சுவரின் வெளிப்பக்கம், தகடு வெளியே திறக்கிற மாதிரி, ரசமட்டம் வைத்து நேராக மாட்டணும். சாய்ந்தால் தகடு சிக்கும்.

காற்று விட்டு விட்டு அடிக்கும்போது ராத்திரியெல்லாம் டப் டப் என்று தட்டும், இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். தகடு படுகிற விளிம்பில் மெல்லிய ஃபோம் டேப் ஒட்டினால் சத்தம் குறையும். வெளியே கீழ்நோக்கித் திறந்த தகரக் கூடு ஒன்றும் செய்து மாட்டிவிட்டால் காற்று நேராக மோதாது, மழைச் சாரலும் வராது, உங்கள் மேற்குச் சுவருக்கு இரண்டும் சேர்ந்து இருப்பதே நல்லது. கொசுவலையைத் தகட்டுக்கு முன்னால் கட்டாதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு படிந்து ஒரே மாதத்தில் அட்டை மாதிரி ஆகிவிடும். அதே பிசுக்கு தகட்டின் கீலிலும் ஏறும், மாதம் ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் துடைக்கணும்.

இவ்வளவு செய்தும் காற்று வந்தால், ஃபேனை நிறுத்திவிட்டு ஊதுபத்தி கொளுத்தி ஃபிரேமைச் சுற்றிக் காட்டுங்கள். புகை எங்கே ஆடுகிறதோ அங்கே சிமென்ட் பூசியதில் இடைவெளி இருக்கிறது, சிலிக்கான் அடித்தால் போதும்.

ஒன்று மட்டும் ஷட்டரால் தீராது. காற்று அந்தச் சுவரில் பலமாக மோதும் நாட்களில் சாதாரண இறக்கை ஃபேனால் அதை எதிர்த்துப் புகையைத் தள்ள முடியாது, ஓடும், ஆனால் புகை உள்ளேயே நிற்கும். கிழக்கிலோ வடக்கிலோ வெளிச்சுவர் இருந்தால் ஃபேனையே அங்கே மாற்றுவதுதான் வழி.

அடுப்பு அணைந்த விஷயத்தை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் உறுத்துகிறது. சிலிண்டரில் வரும் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும், மேலே இருக்கிற ஃபேன் அதை இழுக்காது. வாடை வந்தால் ஃபேன் உட்பட எந்த சுவிட்சையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறங்கள். தீ அணைந்தால் கேஸைத் தானே நிறுத்தும் அடுப்புகளும் விற்கின்றன, அடுத்த முறை அடுப்பு வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், ஷட்டர் வேலை நன்றாக இருக்கிறதே என்று குளியலறைத் துளையையும் அடைத்துவிடாதீர்கள், அங்கே கேஸ் கீசர் இருந்தால் அது உயிருக்கே ஆபத்து.