கணக்குக் கேட்டால் விசுவாசம் போய்விடுமா?

கேள்வி: மூன்று தலைமுறையாக நாங்கள் கத்தோலிக்கர்கள். தோட்டத்தில் பால்வெட்டிப் பிழைத்த குடும்பம். இப்போது டவுனில் மலிவுவிலை வீட்டில் இருக்கிறோம். மகனுக்கு 26 வயது, ஷா ஆலமில் வேலை. போன வருடம் பங்குக் கூட்டத்தில் எழுந்து, கூரை மாற்றுவதற்கு மூன்று வருடமாக வசூலிக்கும் பணம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்டான். "சாமியார்கிட்ட கணக்குக் கேக்குற அளவுக்குப் பெரிய ஆளாயிட்டியா?" என்று கமிட்டியில் ஒருவர் சத்தம் போட்டார். அன்றோடு கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டான். கிறிஸ்துமஸ் அன்று எங்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பூசை முடியும்வரை காரிலேயே உட்கார்ந்திருந்தான். வெளிநாட்டில் சாமியார்கள் செய்த அசிங்கங்களைப் போனில் காட்டி, "இதையும் கேட்கக் கூடாதா?" என்கிறான். இன்டர்நெட் இவன் விசுவாசத்தைக் கெடுத்துவிட்டதா? எப்படித் திருப்பிக் கொண்டுவருவது?
(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகி, பேராக்)

பதில்: அம்மா, விசுவாசம் போன பிள்ளை கோயில் வாசலில் காரை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க மாட்டான். உங்களை இறக்கிவிட்டு மாமாக் கடைக்குத் தே தாரிக் குடிக்கப் போயிருப்பான். அவன் போகவில்லை. அதை முதலில் கவனியுங்கள்.

நானும் பேராக்கில் ஒரு தோட்டத்தில் பிறந்தவன்தான். எங்கள் கோயில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருந்தது. சாமியார் மாதம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் ஜெபம் நடத்துவார். வார நாளில் அவரும் விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்கிறவர், மற்றவர்களைப் போல ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவர். ஜெபம் முடிந்ததும் பீடத்துக்குப் பக்கத்து மேசையில் ஒரு துண்டை விரிப்பார். காணிக்கைத் தட்டை அதில் கவிழ்ப்பார். பிள்ளைகளில் ஒருவரைக் கூப்பிட்டு எண்ணச் சொல்வார். நான் பலமுறை எண்ணியிருக்கிறேன். எண்ணி முடிந்ததும் 555 நோட்டில் எழுதி, எல்லாருக்கும் கேட்கும்படி வாசிப்பார்: "இந்த வாரம் பதினோரு வெள்ளி அறுபது காசு. மெழுகுதிரிக்கு ரெண்டு வெள்ளி. மீதி ஒம்பது அறுபது." அவரிடம் யாரும் கணக்குக் கேட்டதில்லை. கேட்கும் முன்பே அவர் சொல்லிவிடுவார். ஒருவேளை, சாமியாரிடம் கணக்குக் கேட்கக் கூடாது என்ற பழக்கமே அப்படித்தான் வந்திருக்கும். இப்போது நோட்டு இல்லை, துண்டு இல்லை, பழக்கம் மட்டும் நிற்கிறது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, நம் சனங்கள் டவுனுக்கு வந்தபோது கோயிலும் பெரிதாகிவிட்டது. டைல்ஸ் தரை, ஒலிபெருக்கி, கமிட்டி. பதினோரு வெள்ளி பல ஆயிரமானது. எண்ணுவது மட்டும் அறைக்குள் போய்விட்டது.

உங்கள் கமிட்டிக்காரருக்கு ஒன்று சொல்லுங்கள். உங்கள் மகன் கேட்டதைத் திருச்சபைச் சட்டமே கேட்கச் சொல்கிறது. 1983இல் வெளியான சட்டத் தொகுப்பில் 537ஆம் விதி, ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது. 1287ஆம் விதி, விசுவாசிகள் கொடுத்ததற்கு விசுவாசிகளிடமே கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது; எந்த முறையில் என்பதை உள்ளூர் விதிகள் சொல்லும். 212ஆம் விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. திருச்சபையின் நன்மைக்காகத் தன் கருத்தை மேய்ப்பர்களிடம் மரியாதையோடு சொல்வது விசுவாசிக்கு உரிமை, சில நேரம் கடமை. அன்று கூட்டத்தில் சட்டப்படி நடந்தவர் உங்கள் மகன் ஒருவர்தான்.

வெளியே பாருங்கள். டவுனில் உள்ள மாரியம்மன் கோயில் சங்கமாகப் பதிவு பெற்றிருந்தால், ஆண்டுதோறும் சங்கப் பதிவிலாகாவுக்குக் கணக்கு அனுப்பியே ஆக வேண்டும். பொதுக்கூட்டத்தில் பொருளாளர் நின்று வாசிப்பார், நாலு பேர் எழுந்து சண்டையும் போடுவார்கள். நம் தமிழர்களுக்கு இது புதிதா என்ன? மாரியம்மன் கோயிலில் சரியாக இருப்பது மாதா கோயிலில் எப்படிப் பாவமாகும்?

அப்புறம், போனில் காட்டிய செய்தி. இதை நான் மெதுவாகச் சொல்லப் போவதில்லை. நம் பேராக்கின் பாகான் செராயில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தமிழ்க் கத்தோலிக்கருக்குக் குடியிருப்பு அமைத்த ஃபாதர் ஃபீ பிரான்சிலிருந்து வந்தவர். நம் முன்னோருக்கு வேதம் சொன்ன பலரும் அந்த நாட்டவர்களே. அதே பிரான்சில், 1950 முதல் 2020 வரை சாமியார்களாலும் துறவிகளாலும் கெடுக்கப்பட்ட சிறுவர் சிறுமியர் ஏறக்குறைய 2,16,000 பேர் என்று ஒரு சுயேச்சை ஆணையம் 2021இல் கணக்கிட்டது. அந்த ஆணையத்தை அமைத்ததே பிரெஞ்சு ஆயர்களும் துறவற சபைகளும்தான். இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் சபையின் தலைமைப் பேராயர் ஜஸ்டின் வெல்பி 2024 நவம்பரில் பதவி விலகுவதாக அறிவித்தார். கிறிஸ்தவ முகாம்கள் மூலம் பழகிய பையன்களை அடித்துச் சித்திரவதை செய்த ஒருவரைப் பற்றி 2013இல் தகவல் கிடைத்தும் அவர் சரியாகத் தொடரவில்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது. இவை இன்டர்நெட் கட்டிய கதைகள் அல்ல. உங்கள் மகன் படிப்பது உண்மை. அதைப் படித்துவிட்டுக் கோபம் வராத கிறிஸ்தவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

நாம் ஏன் பேசப் பயப்படுகிறோம் என்பதும் எனக்குத் தெரியும். 2020 கணக்கெடுப்பின்படி மலேசியாவில் கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு, அதில் பெரும்பகுதி சபா, சரவாக்கில். தீபகற்பத்தில் ஒரு தோட்ட ஊரில் நாம் கைப்பிடியளவு. வீட்டுக்குள் நடப்பது வெளியே தெரிந்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று வாயை மூடிக்கொள்கிறோம். அந்த மூடிய வாய்தான் பிள்ளைகளை வெளியே தள்ளுகிறது. சிலர் கடைவீட்டு மாடியில் நடக்கும் சபைக்குப் போகிறார்கள். அங்கே பாஸ்டர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், காய்ச்சல் என்றால் வீட்டுக்கு வருகிறார். நல்லதுதான், அதை நம்மிடம் காணோம். ஆனால் அங்கேயும் தசமபாகம் யார் கையில் போகிறது என்று கேட்டுப் பார்க்கட்டும்.

ரோமில்கூட மாற்றம் வந்துவிட்டது. போப் பிரான்சிஸ் 2021இல் தொடங்கிய ஆயர் மாமன்றம் பங்குகளிலிருந்தே மக்களின் கருத்தைக் கேட்டது. 2023 அக்டோபரில் பெண்கள் முதல்முறையாக அதில் வாக்களித்தார்கள். நமக்கு இது அந்நியமும் இல்லை. 1976இல் தீபகற்பத்துச் சாமியார்களும் ஆயர்களும் பினாங்கில் கூடி, சாமியாரை மட்டும் நம்பியிராத சபை வேண்டும் என்று பேசினார்கள். உங்கள் பக்கத்தில் பி.இ.சி. (அடிப்படைத் திருச்சபைக் குழு) என்று வீட்டுக்கு வீடு கூடுகிறீர்களே, அது அந்த முயற்சியில் வளர்ந்ததுதான்.

ஆகவே மகனைத் திருப்பிக் கொண்டுவர என்னிடம் வழி கேட்காதீர்கள். அவன் கேட்ட கேள்வியை நீங்கள் கேளுங்கள். அடுத்த பி.இ.சி. கூட்டத்தில் நாலு வீட்டுப் பெண்களாகச் சேர்ந்து, கூரை நிதிக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லி ஃபாதருக்குக் கடிதம் எழுதுங்கள். மரியாதையாக, கையெழுத்தோடு. மூன்று வருடமாக நீங்களும் கொடுத்திருப்பீர்கள் அல்லவா, ரசீது இருந்தால் எடுத்துப் போங்கள். ஃபாதர் நல்லவராகவே இருக்கலாம். அவருக்கும் இதுவரை யாரும் கேட்காததால் தோன்றாமல் இருந்திருக்கலாம். மகன் ஷா ஆலமிலிருந்து வருகிற வாரமாகப் பார்த்துக் கடிதத்தைக் கொடுங்கள். உள்ளே வரச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். எழுதியதை மட்டும் காரில் வைத்து அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள்.