மூன்று வகைப் படம், மூன்று வகை வருமானம்

கேள்வி: திருவிழா, விளையாட்டு, இயற்கைக் காட்சி ஆகியவற்றைப் படமெடுத்து, சுயேச்சைப் புகைப்படக் கலைஞராகப் பிழைக்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் மூன்றும் சம்பாதித்துத் தரும் விதம் வேறு. ஓடும் வீரரை உறையவைக்க 1/1000 நொடி ஷட்டர் வேகம் (கேமராவுக்குள் ஒளி விழும் நேரம்) மட்டும் போதாது. ஆட்டம் முடிவதற்குள் வீரரின் பெயர்க் குறிப்புடன் படத்தைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட வேண்டும், ஏனெனில் மறுநாள் அதை வாங்க ஆளிருக்காது. இரவுத் திருவிழாவில் கேமராவின் ஒளியுணர்திறன் அளவான ஐ.எஸ்.ஓ.வை 3200 வரை ஏற்றிக்கொண்டு கூட்டத்தில் இடிபட வேண்டியிருக்கும். இயற்கைக் காட்சிப் படமோ ஆண்டுக்கணக்கில் விலைபோகக்கூடியது என்பதால், பதிப்புரிமையை மொத்தமாக எழுதிக்கொடுக்காமல், எந்தப் பயன்பாட்டுக்கு, எவ்வளவு காலத்துக்கு என வரையறுத்து உரிமம் மட்டும் வழங்குங்கள். விலையுயர்ந்த லென்ஸைத் தேடித்தேடி வாங்குபவர்கள்கூட இதில்தான் கோட்டைவிடுகிறார்கள். வெளியூர் வேலையென்றால் முன்பணம் கைக்கு வராமல் கிளம்பாதீர்கள்.