பள்ளி நூலகத்தில் கிண்டில்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தக்கலை பக்கம் அரசு உதவிபெறும் பள்ளியில் நூலகப் பொறுப்பு பார்க்கிறேன். முன்னாள் மாணவர்கள் பத்து கிண்டில் (அமேசானின் மின்னூல் படிக்கும் கருவி) வாங்கித் தந்திருக்கிறார்கள். ஒரு நூலை வாங்கிப் பத்திலும் ஏற்றலாமா? பிள்ளைகளிடம் வீட்டுக்குக் கொடுத்துவிடலாமா? தமிழ் பிடிஎஃப் போட்டால் எழுத்து பொடிப்பொடியாகத் தெரிகிறது. தலைமையாசிரியர் பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்கிறார்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

பூட்டி வைக்காதீர்கள். சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் பேட்டரி செத்துவிடும். கோடை விடுமுறைக்கு மட்டும் பாதி சார்ஜில் அணைத்து, ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள்.

பிடிஎஃப் பக்கம் தாள் அளவுக்கு அமைத்தது. ஆறு அங்குலத் திரைக்குள் அடங்கும்போது எழுத்தும் சுருங்கும். திரைக்கேற்ப எழுத்து அமையும் மின்னூல் வடிவமான இபப் கோப்பைத் தேடி எடுங்கள். அதையும் கேபிள் வழியாக அப்படியே போட்டால் கிண்டில் காட்டாது. காலிபர் என்ற இலவச மென்பொருளில் கிண்டில் படிக்கும் ஏஇசட்டபிள்யூ3 வடிவத்துக்கு மாற்றி, கருவியின் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் போட வேண்டும். கணினியில் கருவியே தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்; சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய உண்டு. ஸ்கேன் செய்த நூல்களில் நேரத்தை விட வேண்டாம். அவை வெறும் படங்கள்; எழுத்தைப் பெரிதாக்க முடியாது.

ஒரு நூலை வாங்கிப் பத்திலும் ஏற்றுவது கூடாது. நாம் வாங்குவது தனிநபர் வாசிப்புக்கான உரிமம்தான். பதிப்பாளரிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கினால் வேறு விஷயம். ஆனால் உரிமைச் சிக்கல் இல்லாதவையே தமிழில் ஏராளம். 1998இல் தொடங்கிய, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் கிடைக்கிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஆசிரியர்களே அனுமதி தந்த இபப் கோப்புகள் உண்டு. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கழிந்தால் காப்புரிமை தீர்ந்துவிடும். நம் தேரூர்க் கவிமணி 1954இல் மறைந்தார். அவர் பாடல்களைத் தயங்காமல் ஏற்றுங்கள். சுந்தர ராமசாமி மறைந்தது 2005இல். அவரை அச்சு நூலாகவே கொடுங்கள்.

கிண்டிலுக்கான அமேசான் கணக்கைப் பள்ளி மின்னஞ்சலில் தொடங்குங்கள், உங்கள் சொந்த எண்ணில் வேண்டாம். கார்டு எதையும் இணைக்காதீர்கள். பேரன்டல் கன்ட்ரோலில் கடையையும் பிரவுசரையும் அடைத்து, கருவியை ஏரோப்ளேன் மோடில் விடுங்கள். ஒரே கணக்கில் பத்துக் கருவியும் இணையத்தில் இருந்தால், அமேசான் வழியாக வந்த நூல்களில் ஒரு பிள்ளை 80ஆம் பக்கத்தில் நிறுத்தியது இன்னொரு பிள்ளையின் கருவியில் வந்து குதிக்கும்; அடிக்கோடுகளும் அப்படியே கலக்கும்.

வீட்டுக்குக் கட்டாயம் கொடுங்கள். பள்ளியில் கிடைக்கும் 40 நிமிடப் பீரியடில் நாவல் படிக்க முடியாது. முழு சார்ஜில் கொடுத்தால் ஒரு வாரம் தாங்கும், ஆகவே சார்ஜரைக் கூட அனுப்ப வேண்டாம். குளச்சல், மணவாளக்குறிச்சி போலக் கடலோரத்திலிருந்து பிள்ளைகள் வந்தால், சார்ஜ் துளையை மாதம் ஒருமுறை பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பிடிக்கும்.

அதிகம் உடைவது திரைதான். பையில் டிபன் பாக்ஸ் அழுத்தினால் உள்ளிருக்கும் மெல்லிய கண்ணாடி விரிசல் விட்டு, பாதித் திரையில் கோடுகள் அப்படியே நின்றுவிடும். அதை மாற்றும் செலவு பெரும்பாலும் கட்டுபடியாகாது. மூடும் உறை இல்லாமல் ஒன்றும் வெளியே போகக் கூடாது. திரும்பி வந்ததும் இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். உறைந்து நின்றால் பவர் பட்டனை 40 விநாடி அழுத்திப் பிடித்தால் மீண்டும் தொடங்கும்.

உடைந்தால் பெற்றோரிடம் காசு வாங்கப் போவதில்லை என்பதைக் கொடுக்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ரப்பர் பால் வெட்டும் வீட்டுப் பிள்ளை அதைக் கையால் தொடவே பயப்படும். எட்டை மட்டும் சுற்றில் விட்டு, இரண்டை மாற்றாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.