எடை குறைந்தும் வயிறு குறையவில்லையே, ஏன்?

மன்னார்குடியிலிருந்து 46 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஐந்து மாதங்களாகத் தினமும் காலையில் ஹரித்திராநதித் தெப்பக்குளக் கரையில் 45 நிமிடம் நடந்து, இரவுச் சாப்பாட்டையும் குறைத்து, 74 கிலோவிலிருந்து 67 கிலோவுக்கு வந்திருக்கிறார். உயரம் 155 செ.மீ. கன்னம் ஒட்டிவிட்டது, ரவிக்கையின் கைப்பகுதி தொளதொளக்கிறது, பார்ப்பவர்கள் ‘சர்க்கரை ஏதும் வந்துவிட்டதா’ என்று விசாரிக்கிறார்கள், வயிறு மட்டும் அப்படியே இருக்கிறது என்பது அவருடைய வருத்தம். வயிற்றுக்கென்று தனிப் பயிற்சி செய்யலாமா, இடுப்பு பெல்ட் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து மாதத்தில் ஏழு கிலோ என்பது நிதானமான, சரியான வேகம். இதை விட்டுவிடாதீர்கள்.

உடலுக்கு ஆற்றல் தேவைப்படும்போது கொழுப்புச் செல்களில் சேர்ந்திருக்கும் கொழுப்பு கரைந்து இரத்தத்தில் கலந்து, வேலை செய்யும் தசைகளுக்குப் போய்ச் சேருகிறது. அது எந்த இடத்திலிருந்து எடுக்கப்படும் என்பதை மரபணுவும் ஹார்மோன்களும் வயதும் தீர்மானிக்கின்றனவே தவிர, நாம் எந்தத் தசையை அசைக்கிறோம் என்பது அநேகமாகத் தீர்மானிப்பதில்லை. தெப்பக்குளத்தில் எந்தப் படித்துறையில் நின்று மொண்டாலும் நீர்மட்டம் மொத்தமாகத்தான் இறங்கும். ஆழம் குறைந்த ஓரம் முதலில் வெளியே தெரியும். முகத்திலும் கையிலும் கொழுப்பு மெல்லிய அடுக்காக இருப்பதால் அங்கே மாற்றம் சீக்கிரம் தெரிகிறது. 1971இல் டென்னிஸ் வீரர்களை ஆராய்ந்தபோது, ஆண்டுக்கணக்கில் மட்டையைப் பிடித்து உழைத்த கையிலும் மற்றக் கையிலும் தோலடிக் கொழுப்பின் தடிமனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே தெரிந்தது. வயிற்றுப் பயிற்சி வயிற்றுத் தசையை வலுவாக்கும், நிமிர்ந்து நிற்க உதவும். அதன் மேலிருக்கும் கொழுப்பைத் தனியே கரைக்காது. பெல்ட் வியர்வையைத்தான் வெளியேற்றும், தண்ணீர் குடித்ததும் அந்த எடை திரும்பிவிடும்.

வயிற்றில் கொழுப்பு இரண்டு இடங்களில் இருக்கிறது: கையால் பிடிக்கக் கிடைப்பது தோலுக்கடியில், பிடிக்கக் கிடைக்காதது உள்ளே, கல்லீரலையும் குடலையும் சுற்றி. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் அதிகம் வழிவகுப்பது உள்ளே இருப்பதுதான். நம் நாட்டவருக்கு ஒரே எடையுள்ள ஐரோப்பியரைவிட இது கூடுதலாகச் சேர்கிறது. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால், இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றை நோக்கித் திரும்புகிறது. ஆறுதலான செய்தி, எடை குறையும்போது விகிதத்தில் அதிகமாகக் கரைவதும் இந்த உட்கொழுப்பே. ஆகவே கண்ணாடியில் தெரியாத நன்மை உங்களுக்கு ஏற்கனவே கிடைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

இதை அறிய எடைமேடை போதாது, தையல் டேப் வேண்டும். பாவாடை நாடா அழுந்திய தடத்தில் அளக்காதீர்கள். அங்கே சதை உள்வாங்கி, மேலும் கீழும் பிதுங்கியிருக்கும். காலையில் வெறும் வயிற்றில், நாடாவைத் தளர்த்திவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றி, இயல்பாக மூச்சு விட்டு முடித்ததும் அளவைப் படியுங்கள். மாதம் ஒருமுறை போதும். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பது எல்லை.

இனி, நீங்கள் கேட்காத, ஆனால் உடலின் வடிவத்தை உண்மையில் மாற்றக்கூடிய விஷயம். நடையையும் பட்டினியையும் மட்டும் நம்பி எடையைக் குறைத்தால், குறைவதில் ஏறத்தாழ கால் பங்கு தசை உள்ளிட்ட கொழுப்பல்லாத திசுவாகப் போய்விடலாம். ஆள் சிறுத்துவிடுவார், உடல் மட்டும் தளர்வாகவே தெரியும். எனவே நடையோடு வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள்: நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, நீர் நிரப்பிய பாட்டில்களைத் தலைக்கு மேல் தூக்குவது. கடைசி இரண்டு மூன்று முறை சிரமமாக இருக்க வேண்டும். எளிதாகிவிட்டால் பளுவைக் கூட்டுங்கள். நாற்று நடவு இயந்திரத்துக்குப் போய்விட்ட ஊர்களில் குனிந்து நிமிரும் வேலை தானாக அமைவதில்லை என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

தசைக்குப் புரதமும் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, கிலோவுக்கு 0.83 கிராம், உங்கள் எடைக்கு நாளொன்றுக்கு சுமார் 55 கிராம். மூன்று வேளையும் அரிசியைச் சுற்றியே அமையும் நம் டெல்டாச் சாப்பாட்டில் இது எட்டுவது கடினம். சம்பா அறுவடைக்குப் பின் அதே வயலில் விளையும் பாசிப்பயறும் உளுந்தும் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் தருபவை. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் சுண்டலையோ கெட்டிப் பருப்பையோ வையுங்கள். சாப்பிடுவீர்களானால் முட்டையும் மீனும் நல்லது.

மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கும்போது வயிற்றின் நடுவே நீளவாக்கில் மேடு எழும்பினால், பிரசவத்தில் விலகிய தசை சேராமல் இருக்கலாம். அதற்கு இயன்முறை மருத்துவரின் வழிகாட்டலில் செய்யும் பயிற்சியே ஏற்றது, மல்லாந்து படுத்த நிலையிலிருந்து எழுந்து உட்காரும் வயிற்றுப் பயிற்சிகள் அதுவரை வேண்டாம். உடல் இளைக்க இளைக்க வயிறு மட்டும் பெருத்துக்கொண்டே வந்தாலோ, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிட்டாலோ, முயற்சி செய்யாமலேயே எடை இறங்கினாலோ, தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.