அசையாத ஸ்ப்ராக்கெட் நட்டுக்கு இம்பாக்ட் கன் வாங்கலாமா?

கேள்வி: மோட்டார் சைக்கிளுக்குப் புது செயின் செட் வாங்கி வைத்திருக்கிறேன். மாட்டலாம் என்று கவரைக் கழற்றினால், செயினை ஓட்டும் முன் பல்சக்கரத்தை, அதாவது முன் ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்திருக்கும் பெரிய நட் அசையவே மாட்டேன் என்கிறது. ராட்செட்டில் குழாயைச் செருகி அழுத்தினால் பின் சக்கரம்தான் சுற்றுகிறது. நட்டைத் தட்டித் தட்டிச் சுற்றிக் கழற்றும் பேட்டரி இம்பாக்ட் கன் ஒன்று வாங்கிவிடலாமா? பழைய செயினை வெட்டி எடுத்துவிட்டால் வேலை சுலபம் என்கிறார் நண்பர். அது சரியா?

பதில்: செயினை வெட்டவே வெட்டாதீர்கள். நட் கழலும்வரை அதுதான் உங்களுக்குத் துணை. பின் பிரேக்கை மிதித்தால் செயின் வழியாக முன் ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்து நிற்கும். செயின் போய்விட்டால், ஸ்ப்ராக்கெட் மாட்டியிருக்கும் ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொள்ள கியர் மட்டும்தான் மிச்சம்; அத்தனை விசையையும் கியர் பற்களில் இறக்குவது நல்லதல்ல. எனவே எந்த வண்டியானாலும் முதலில் நட், பிறகுதான் செயின்.

கன் வாங்குவதற்கு முன் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு நட்டுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். அந்த இடம் முழுக்கப் பழைய செயின் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து கறுப்புக் களிம்பாக அப்பியிருக்கும். குச்சியால் சுரண்டி, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடையுங்கள். பல வண்டிகளில் நட்டுக்கு அடியில் ஒரு தகடு வாஷர் இருக்கும். அதன் ஒரு காதை நட்டின் பக்கத்தோடு ஒட்டி மடக்கிவிட்டிருப்பார்கள். 'நட் பிடிவாதம் பிடிக்கிறது' என்று வரும் புகார்களில் கணிசமானவை இந்தக் காதை நிமிர்த்தாமல் மல்லுக்கட்டுவதுதான். தட்டை உளியை வைத்து மெதுவாகத் தட்டி அதை முழுவதும் நிமிர்த்துங்கள். அரைகுறையாக விட்டால் சாக்கெட் அடிவரை இறங்காது. மேலோட்டமாகப் பிடித்து நட்டின் மூலைகளை மழுங்கடித்துவிடும். சில வண்டிகளில் வாஷருக்குப் பதில் நட்டின் விளிம்பையே ஷாஃப்ட்டின் பள்ளத்துக்குள் அடித்து இறக்கியிருப்பார்கள். அதையும் முதலில் தூக்கிவிட வேண்டும்.

இனி வாங்க வேண்டியவை. ஆறு மூலை சாக்கெட் ஒன்று வேண்டும். பன்னிரண்டு மூலை சாக்கெட் இந்த வேலைக்கு ஆகாது. அளவை உத்தேசமாகச் சொல்லிக் கடையில் வாங்காமல், நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களை வெர்னியரில் அளந்துவிடுங்கள். 27, 30, 32 மி.மீ. என்று வண்டிக்கு வண்டி மாறும். ஷாஃப்ட் நட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஆழமான சாக்கெட்தான் உட்காரும். சாக்கெட்டின் வாய் விளிம்பையும் பாருங்கள். உள்பக்கம் அதிகம் சரிவு கொடுத்திருந்தால், மெல்லிய நட்டில் பிடிப்பதற்கு ஒன்றுமே மிஞ்சாது. இதை வாங்கும்போது பார்ப்பவர்கள் குறைவு, வழுக்கிய பிறகு பார்ப்பவர்கள் அதிகம்.

அடுத்து, நீளமான பிரேக்கர் பார், அதாவது உள்ளே பற்கள் இல்லாத நெடுங்கைப்பிடி. ராட்செட்டில் குழாய் செருகுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள், உள்ளே இருக்கும் சின்னப் பற்கள் நொறுங்கிவிடும். குறித்த அளவுக்கு முறுக்க உதவும் டார்க் ரெஞ்சையும் கழற்றுவதற்குப் பயன்படுத்தக் கூடாது. நடுத்தர, பெரிய வண்டிகளில் இந்த நட்டை 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி முறுக்கியிருப்பார்கள். துருவும், நட் தானாகக் கழலாமல் இருக்க மரையில் தடவும் லாக் பசையும் சேர்ந்தால் கழற்ற அதைவிட அதிகம் தேவைப்படும். ஒரு மீட்டர் நீளப் பாரின் நுனியில் 20 கிலோ எடையை இறக்கினாலே கிட்டத்தட்ட 200 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். பலசாலியாக இருக்க வேண்டியதில்லை, பார் நீளமாக இருந்தால் போதும்.

வண்டியின் இரண்டு டயரும் தரையில் இருக்கட்டும். ஸ்டாண்டில் தூக்கி வைத்துப் பாரில் தொங்கினால் வண்டி உங்கள் மேலேயே சாயும். நண்பரைச் சீட்டில் உட்காரவைத்துப் பின் பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்கச் சொல்லுங்கள். முன்னே 15 பல், பின்னே 45 பல் என்றால், நட்டில் நீங்கள் கொடுக்கும் முறுக்கு சக்கரத்தில் மூன்று மடங்காகப் போய்ச் சேரும். சக்கரம் சுற்றிக்கொண்டதற்கு அதுதான் காரணம். பிரேக் தாங்கவில்லை என்றால், அலாய் சக்கரமாக இருக்கும்பட்சத்தில், துணி சுற்றிய கனமான மரக்கட்டையைச் சக்கரத்துக்குள் செருகி, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் முட்டவைக்கலாம். கம்பிச் சக்கரத்தில் அதைச் செய்யாதீர்கள், கம்பி வளையும். எந்தப் பக்கம் திருப்புவது என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் வழக்கமான மரைதான்.

இத்தனைக்கும் அசையவில்லையா? துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஓர் இரவு விடுங்கள். லாக் பசை போட்ட நட்டுக்குச் சூடு காட்டினால் இளகும். ஆனால் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னாலேயே ரப்பர் ஆயில் சீல் இருக்கிறது, மேலே பெட்ரோல் டேங்க் இருக்கிறது. ஹீட் கன் போதும். டார்ச் நெருப்பு வேண்டாம்.

இம்பாக்ட் கன் விஷயத்துக்கு வருவோம். தட்டித் தட்டிச் சுற்றுவதால் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் தொல்லை பெருமளவு குறைந்துவிடும், அது நிஜம். ஆனால் இந்த நட்டை நீங்கள் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை தொடப்போகிறீர்கள்? இதற்காக மட்டும் என்றால் வாங்காதீர்கள், இரவல் கேளுங்கள். வேறு வேலைகளும் இருந்து வாங்குவதானால் அரை அங்குல முனை உள்ளதாகப் பாருங்கள். ஸ்க்ரூ முடுக்கும் சின்ன மிஷினில் அடாப்டர் மாட்டினால் வேலைக்கு ஆகாது. பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் எண் பெரும்பாலும் கழற்றும்போது கிடைக்கும் உச்ச அளவு; பாதி சார்ஜில், நீட்டிப்புத் தண்டு மாட்டினால் அது கிடைக்காது. பளபளக்கும் குரோம் சாக்கெட்டைக் கன்னில் மாட்டாதீர்கள், தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து. கறுப்பு இம்பாக்ட் சாக்கெட்தான் போட வேண்டும். திரும்ப முறுக்கும்போது கன் வேண்டாம், டார்க் ரெஞ்சில் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள்.

செயின் செட்டோடு புது வாஷரும் நட்டும் வந்ததா? பெரும்பாலும் வராது. தனியாக வாங்கி வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். ஒருமுறை மடங்கி நிமிர்ந்த காது மறுமுறை ஒடிந்துவிடலாம்.

கேள்வி: என் வண்டியில் நட்டின் மூலைகள் ஏற்கெனவே மழுங்கிவிட்டன. ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் 'வெட்டித்தான் எடுக்கணும், ஷாஃப்ட் போனா நாங்க பொறுப்பில்லை' என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: வெட்டுவது நியாயமான வழிதான். நட்டின் ஒரு பக்கத்தை மரை வரை போகாமல் அறுத்து, உளியால் பிளப்பார்கள். தேர்ந்த கை செய்தால் ஷாஃப்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மரை கெட்டால், பெரும்பாலான வண்டிகளில் இன்ஜினைப் பிரித்துத்தான் ஷாஃப்ட்டை மாற்ற முடியும். அதனால் அந்த நிபந்தனைக்கு அப்படியே தலையாட்டாதீர்கள். எந்தக் கருவியால் வெட்டுவார்கள், யார் வெட்டுவார் என்று கேளுங்கள். வண்டியை விடும் முன் நட்டையும் வெளியே தெரியும் மரையையும் கிட்டத்தில் படம் எடுத்து, வேலைச் சீட்டில் அதன் நிலையை எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் இடத்தில் வண்டியை விட வேண்டாம்.